இரவில் இறங்கும் பற்றரி

மல்லாவிச் சந்தியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள்
நீக்கிலாப்பிள்ளையும் இரண்டு பெடியளும்,
அந்தச் சாம்பல் நிற ஒஸ்ரினை.
பின்னேரம் ஓடுகிற கார்
விடியச் செத்துக் கிடக்கிறதாம்.
மூன்று பற்றரி மாற்றியாயிற்று.
ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை மாப்பிளை ஏற்ற வேணுமாம்.

"கராச்சில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"
என்று ஒருக்கால் கேட்டார்.
நான் பொனற்றைத் தூக்கினேன்.
பிறகு கேட்கவில்லை.

புத்தகத்தில்
மண்நிற வயர் என்றால் நேரே பற்றரி,
வெள்ளை என்றால் திறப்புக்குப் பிறகு,
கறுப்பு என்றால் உடம்பு.
இங்கே எல்லாமே கறுப்பு.
கறுப்பில்லாதது ரெலிபோன் வயர்.
அது காணாமல் போன இடத்தில்
எந்த மோட்டரிலோ உரித்த செம்பு.
மூட்டுக்கு மூட்டு சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றியிருந்தது.
டோர்ச் பற்றரிகூட உள்ளே வராத ஆண்டுகளில்
யாரோ ஒருவன்
கையில் அகப்பட்டதை வைத்து
இதை ஓட வைத்திருக்கிறான்.
இரண்டு தரம் அவனைத் திட்டினேன்.
மூட்டுகளை இழுத்துப் பார்த்தேன்.
ஒன்றும் கழரவில்லை.

பொசிட்டிவ் ஏர்த் கார்.
என் பற்றரியை வைத்து
அதன் கூட்டல் முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவில்
ஒரு பல்பைத் தொங்கவிட்டேன்.
திறப்பு என் பையில்.
எல்லாம் நிற்பாட்டியாயிற்று.
பல்ப் எரிந்தது.
மினுக்கம் இல்லை,
வஞ்சகமில்லாத முழு வெளிச்சம்.

பியூஸ் இரண்டே இரண்டு.
பிடுங்கினேன். எரிந்தது.
அப்போதுதான் கண்டேன்,
பியூசைத் தொடாமல் நேரே இறங்கி
கால்மிதிக்குக் கீழே போகிற வயர் ஒன்றை.
இதுதான் கள்ளன் என்று
சீற்றைக் கழற்றி, மண்ணைத் தட்டி,
சாவகாசமாய்ப் பின்னாலேயே போனேன்.
பின்சீற்றின் அடியில் முடிந்தது,
ஒரு பால்மா ரின்னுக்குள்.
ரின்னில் ஐம்பது சத அளவில் ஒரு ஓட்டை.
உள்ளே சின்ன பல்ப்,
கண்ணாடியில் நீல மை.

நீக்கிலாப்பிள்ளை மற்றப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:
"அந்தக் காலம் பெரிய லைற் போடேலாது பிள்ளை.
மேலை சுத்திக்கொண்டு நிப்பான்.
பேறுக்காரரை இருட்டுக்குள்ளாலதான் ஏத்திப்போறது.
மருத்துவிச்சிக்குத் தன்ரை கையாவது தெரியவேணுமே."
கொஞ்சம் பொறுத்து,
"ஒண்டு உதுக்குள்ளேயே பிறந்தது.
வவுனிக்குளக் கட்டிலை."

பல்பைக் கழற்றி வெயிலில் பிடித்தேன்.
இழை அறுந்து எத்தனை வருசமோ.
ஒரு துளிகூடக் குடிக்கவில்லை அது.
களவு வேறெங்கோ.

பற்றரியை நேரே பூட்டிவிட்டு
பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தோம்.
பெடியள் போனில் ஏதோ பார்த்துச் சிரித்தார்கள்.
திரும்பி வந்து, சும்மா,
டைனமோவில் கை வைத்தேன்.
எஞ்சின் பச்சைத் தண்ணியாய்க் கிடக்க
இதற்கு மட்டும் காய்ச்சல்.

பற்றரிக்கு ஊட்ட வேண்டியது
இரவிரவாய் அதையே உறிஞ்சியிருக்கிறது.
கட்டவுட் பெட்டியைத் திறந்தால்
இரண்டு முனையும் உருகி ஒட்டியபடி.
குறட்டுப் பிடியால் ஒரு தட்டு.
டிக் என்று விலகியது.
மறுபடி தொங்கவிட்ட பல்ப் எரியவேயில்லை.
எரியாததைப் பார்த்து
நாங்கள் நாலு பேரும் நின்றோம்.

முனைகளை அரத்தாளால் தேய்த்தேன்.
பால்மா ரின்னை என்ன செய்வது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
புது பல்ப் போட்டு, ஒரு பியூசும் வைத்து,
இருந்த இடத்திலேயே பூட்டினேன்.
மை பூசவில்லை.
பில்லில் எழுதியது:
கட்டவுட் துப்பரவு, ஆயிரத்தைந்நூறு.

"சார்ஜ் ஏறுதோ எண்டு பாக்கவேணும்.
பெரிய லைற்றைப் போட்டுக்கொண்டே போங்கோ,
துணுக்காய் மட்டும்."
"இந்த வெயிலுக்கையோ?"
"ஓம். நிப்பாட்டாதேங்கோ."

ஒன்றரை மணி உச்சி வெயிலில்
இரண்டு லைற்றும் எரிய எரியப் போகிறது ஒஸ்ரின்.
எதிரே வந்த பஸ்காரன்
கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறான்,
லைற் எரியுது, லைற் எரியுது என்று.